மங்கிப்போன கார் பெயின்ட்: மெஷின் பாலிஷா, செராமிக்கா, மறுபடி பெயின்ட்டா? ராமநாதபுரம் கடற்கரைக்கு எது பொருந்தும்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு வருடத்தில் ஒரே குழப்பத்துக்கு வந்து சேர்கிறார்கள். பானெட்டும் ரூஃபும் மங்கிவிட்டன. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள். "அண்ணே, ஒரு ரப்பிங் போட்டா புது வண்டி மாதிரி ஆயிடும்" என்கிறார் ஒரு கடைக்காரர். செராமிக் கோட்டிங் இல்லாமல் கடலோரத்தில் வண்டி வைக்கவே கூடாது என்கிறார் அடுத்தவர். பட்டறைக்காரர் ஃபுல் பெயின்ட்டுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாகத்தான் இருக்கும். அது உங்கள் வண்டிதானா என்பதே கேள்வி.

இதை விலையை வைத்து முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகிவிடும். இந்தப் பக்கத்துக்கு இரண்டு விஷயம்தான் முடிவைச் சொல்லும்: வண்டியின் மேல் கிளியர் கோட் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து எடை போடுவது

கிளியர் கோட் இருப்பு. கம்பெனியில் இருந்து வரும் காரின் மொத்தப் பெயின்ட் தடிமன் பொதுவாக 90 முதல் 140 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே நிறமில்லாமல் இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடித் தடிமனில் பாதி. பாலிஷ் என்பது இந்தக் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுத்துச் சமமாக்கும் வேலை. ஃபினிஷிங் பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும். கட்டிங் காம்பவுண்ட் 2 முதல் 4 மைக்ரான் வரை எடுக்கும். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு கிளியர் கோட்டின் மேல் பகுதியில்தான் அதிகம். அதனால் வண்டியின் முழு ஆயுளில் 8, 10 மைக்ரானுக்கு மேல் எடுப்பது ஆபத்து. கணக்கு எளிது: கனமான ரப்பிங் (கட்டிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது) இரண்டு தடவை போட்டாலே இருப்பு தீர்ந்துபோகும்.

கீறலின் ஆழம். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் மெஷினில் போய்விடும். தட்டினால் ஓரங்கள் மழுங்கி கொஞ்சம் மறையும், முழுதாகப் போகாது. சீமைக்கருவேல முள் ஒடுக்கமான ஊர்ச்சாலையில் கதவில் இழுத்துவிட்டுப் போகிற கோடுகள் இரண்டு வகையிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மங்கலுக்கு யார் காரணம். எல்லாரும் உப்புக் காற்றைத்தான் திட்டுகிறார்கள். உண்மையில் கிளியர் கோட்டைச் சிதைப்பது வெயில். உப்பு முழுதாக இருக்கும் கிளியர் கோட்டைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை; கல் பட்டு இரும்பு தெரிகிற இடத்தில்தான் அதன் வேலை. ஆனால் இரவில் உப்பு ஈரத்தை இழுத்து, அதில் மணலும் தூசியும் ஒட்டி, காலையில் அதை ஒரு காய்ந்த துணியால் துடைக்கிறோமே, வட்டக் கீறல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. இந்தத் துடைப்பு நிற்காவிட்டால் கீழே சொல்லும் எந்த வழியிலும் போட்ட பணம் ஆறு மாதம் தாங்காது.

கழுவும் தண்ணீர், நிறுத்தும் இடம், எத்தனை வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பவை மீதி அளவுகோல்கள். தண்ணீரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

### பத்து நிமிடப் பரிசோதனை

வண்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு நிழலில் நிறுத்துங்கள்.

மங்கலாக இருக்கும் பானெட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறமும் மினுமினுப்பும் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் நல்ல செய்தி. மேல்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது, பாலிஷில் வரும். ஈரமாக இருக்கும்போதும் வெள்ளைத் திட்டாகவே தெரிந்தாலோ, ஓரம் உரிந்து செதில் செதிலாக நின்றாலோ கிளியர் கோட் செத்துவிட்டது. அதன்மேல் காம்பவுண்ட் போட்டால் திட்டு பெரிதாகும், அவ்வளவுதான்.

கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பரப்பைத் தடவுங்கள். நறநறவென்றால் அது கீறல் அல்ல, ஒட்டியிருக்கும் அழுக்கு. ரயில் பாதை ஓரம் நிற்கும் வெள்ளை வண்டிகளில் துருநிறப் புள்ளிகளைப் பார்க்கலாம். பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வரும் இரும்புத் துகள் அது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகக் கரைந்து ஓடும். மிச்சத்தைக் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) எடுக்கும். மங்கல் என்று நினைத்ததில் பாதி இதிலேயே போய்விடுவதும் உண்டு.

வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு. பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் பலவற்றின் வெள்ளை அப்படித்தான். பயப்பட வேண்டாம். இந்தப் பெயின்ட் பாலிஷுக்கு மிக நன்றாகவே வளைந்து கொடுக்கும்.

கடைசியாகத் தடிமன் மீட்டர். விவரமான டீடெய்லிங் கடையில் இது இருக்கும். ஒரு பேனலுக்கு ஐந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கதவுகள் 110 காட்டும்போது பானெட் மட்டும் 85 காட்டினால், ஏற்கெனவே யாரோ ரப்பிங் போட்டிருக்கலாம். 80க்குக் கீழே என்றால் காம்பவுண்ட் கூடாது. 200க்கு மேலே என்றால் மறு பெயின்ட். 400, 500 என்று ஏறினால் அடியில் பட்டி. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

## தண்ணீர்தான் பாதி முடிவு

கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியில் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையமாக நிற்கும். முதல் ஓரிரு நாளில் அது மேலே படிந்த உப்பும் சுண்ணாம்பும் மட்டும். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில் துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தெடுத்து அலசினால் போகும். பல வாரம் வெயிலில் வேகவிட்டால் கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். அப்புறம் மெஷின்தான்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. குடிக்கச் சரியான அந்த 500 கூட வண்டி மேல் காய்ந்தால் கறைதான். கடைசி அலசலுக்கு 150க்குள் இருந்தால் நிம்மதி.

வழி இருக்கிறது. மண், உப்பு, நுரை எல்லாவற்றையும் போர் தண்ணீரிலேயே தள்ளிவிட்டு, அது காயும் முன் ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து வழியவிட்டு, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். 15 லிட்டர் ஒரு ஹேட்ச்பேக்குக்குப் போதும். மழைநீர்த் தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. துணியில் வடிகட்டிப் பிடித்து வைத்தால் கண்ணாடிக்கும் கடைசித் துடைப்புக்கும் ஆகும். ஆனால் ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரை வண்டிக்குப் பிடித்து வைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். வடிகட்டிய உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் அடர்ந்து நிற்கிறது.

## கையால் கிளே, மெழுகு

செலவு 1,000 முதல் 2,000 ரூபாய். ஒரு காலைப் பொழுது. கிளியர் கோட் இழப்பு அனேகமாக இல்லை.

இது கீறலை எடுக்காது. இதைத் தெரிந்துகொண்டு செய்தால் ஏமாற்றம் இல்லை. ஒட்டிய அழுக்கை எடுத்து, வழவழப்பாக்கி, மேலே ஒரு படலம் விடும். கார்னோபா மெழுகு இந்த வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். செயற்கை சீலன்ட் (மெழுகு போலவே பூசும் ரசாயனப் பாதுகாப்புப் படலம்) என்றால் மூன்று மாதத்துக்கு மேல். கிளே பாருக்கு வழுக்க நிறையத் திரவம் வேண்டும். சோப்பு நீரே போதும். கீழே விழுந்த கிளேயைக் கழுவி மறுபடி போடக் கூடாது. மணல் ஒன்று அதில் ஒட்டியிருந்தால் பேனல் முழுக்கக் கோடு இழுத்துவிடும்.

மூன்று வயதுக்குட்பட்ட வண்டி, நிழலில் நிற்கும் வண்டி, மொத்தப் பெயின்ட் தடிமன் 80 மைக்ரானுக்குக் கீழே போய்விட்ட வண்டி இவற்றுக்கு இதுவே சரி. கடைசி வகைக்கு வேறு வழியும் இல்லை.

## கடையில் மெஷின் பாலிஷ்

ஒற்றை நிலைக்கு ஹேட்ச்பேக்குக்குத் தோராயமாக 2,500 முதல் 5,000 ரூபாய். காம்பவுண்ட், பிறகு ஃபினிஷிங் என்று இரு நிலைக்கு 6,000 முதல் 12,000 வரை. கடைக்குக் கடை மாறும். நல்ல ஒற்றை நிலை வேலைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம், இரு நிலைக்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். மங்கிய பெயின்ட் உண்மையிலேயே திரும்ப வருவது இதில்தான். மோசமாகச் செய்தால் வண்டி கெடுவதும் இதில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று. வேகமாக வெட்டும், சூடும் அதே வேகத்தில் ஏறும். பழகாத கையில் பானெட்டில் அலை அலையாக ஒளிக்கோடுகள் விழும். இரவில் தெருவிளக்கின் கீழே பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். டி.ஏ. எனப்படும் இரட்டை அசைவு மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும். மெதுவாக வெட்டும், பெயின்ட்டைச் சூட்டில் எரித்துவிடுவது கடினம். சில இடங்களில் சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் கம்பளிப் பேடை மாட்டி வேலை பார்க்கிறார்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் சாமான். அதைக் கண்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும்? கழுவி, இரும்புத் துகள் எடுத்து, கிளே போட்டு, காயவைத்த பிறகு டேப் ஒட்டுவார்கள். கதவு ஓரம், பானெட்டின் மடிப்புக் கோடு, ரப்பர் பீடிங், கறுப்புப் பிளாஸ்டிக், எம்பளம் எல்லாவற்றுக்கும். மடிப்புக் கோட்டில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்து இருக்கும். பேட் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றாலே பிரைமர் தெரிந்துவிடும். டேப் ஒட்டாத கடையில் வேறு எதையும் விசாரிக்கத் தேவையில்லை.

பிறகு சோதனைச் சதுரம். பானெட்டில் 50 சென்டிமீட்டர் நீள அகலத்தில் ஓர் இடம் எடுத்து, இருப்பதிலேயே மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் கீறல் போய்விட்டால் முழு வண்டிக்கும் அதுவே போதும். போகாவிட்டால் மட்டும் ஒரு படி ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் கம்பளிப் பேடும் கட்டிங் காம்பவுண்டும் என்று இறங்குகிறவர் உங்கள் இருப்பிலிருந்து தேவையில்லாமல் மைக்ரானைச் செலவு செய்கிறார்.

பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு. முதலில் மெதுவேகத்தில் பரப்பி, பிறகு டி.ஏ. மெஷினில் 4 அல்லது 5ஆம் வேகம். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி, முந்தின பாதையில் பாதி மேல் ஏறும்படி, நெடுக்காகவும் குறுக்காகவும் நான்கு முதல் ஆறு சுற்று. அழுத்தம் மெஷினின் எடையோடு கொஞ்சம் கை பாரம், அவ்வளவே. அழுத்தினால் பேட் சுழல்வது நின்று வெறுமனே ஆடும், வெட்டாது. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் சுழல்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு காருக்கு ஐந்தாறு பேட் பிடிக்கும். பேனலில் உள்ளங்கையை வைத்து எடுக்க முடியாத சூடு என்றால் நிறுத்த வேண்டிய நேரம். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது. இரும்பு தாங்கும் நேரத்தில் பாதியில் அது சுருங்கிவிடும்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு தொல்லை காற்று. திறந்த கொட்டகையில் மதியக் காற்று எழும்பிய பிறகு மெஷின் போட்டால் பேடுக்கும் பானெட்டுக்கும் நடுவே மணல் வரும். ஷட்டரை இறக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, காலையில் வேலை பார்க்கிற இடமாகத் தேடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இதில் ஒன்றுதான், ஆனால் பெரியது: பூசி மறைத்த வேலை. ஒன்றரை மணி நேரத்தில் முழு வண்டியும் பளபளவென்று வந்தால் அது கீறலை எடுக்கவில்லை, எண்ணெயும் ஃபில்லரும் போட்டு அடைத்திருக்கிறது. மூன்றாவது வாட்டர் வாஷில் எல்லாம் திரும்பி வரும். கண்டுபிடிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, முடித்த பேனலைத் துடைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்த பிறகும் கீறல் இல்லையென்றால் காசுக்குத் தகுந்த வேலை. இந்தச் சோதனையை வண்டியை விடும்போதே சொல்லிவிடுவது மரியாதை. வேலையின் தரமும் தானாக ஏறும்.

பாலிஷ் போட்டுவிட்டு மேலே எதுவும் பூசாமல் அனுப்புவதும் நடக்கிறது. புதிதாகச் சீவிய கிளியர் கோட்டுக்குக் குறைந்தது ஒரு சீலன்ட்டாவது வேண்டும்.

நான்கு முதல் பத்து வயதுள்ள, உரிதல் இல்லாத, மீட்டரில் 100க்கு மேல் காட்டும் வண்டிக்கு இதுவே முதல் தேர்வு. ஐயமே வேண்டாம்.

## டி.ஏ. மெஷின் வாங்கி வீட்டிலேயே

மெஷின், பேடுகள், இரண்டு பாலிஷ், துணிகள் சேர்த்து 8,000 முதல் 15,000 ரூபாய் வரை. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டாவது தடவையிலேயே கணக்கு நேராகிவிடும். ரோட்டரி மட்டும் வாங்காதீர்கள்.

மேலே சொன்ன முறையெல்லாம் இதற்கும்தான். முதலில் பழைய பட்டறையில் கிடைக்கும் உடைந்த ஃபெண்டர் ஒன்றில் கை பழகுங்கள். ஒரே நாளில் முழு வண்டியையும் முடிக்கப் பார்க்க வேண்டாம்; பானெட் ஒரு வாரம், ரூஃப் அடுத்த வாரம் என்று போனால் கை நடுக்கம் இல்லாமல் வேலை நன்றாக வரும். இதில் மறைந்திருக்கும் செலவு ஆசை. மெஷின் கையில் இருக்கிறதே என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காம்பவுண்ட் போட்டால் மூன்று வருடத்தில் கிளியர் கோட் இருக்காது. வருடத்துக்கு ஒரு தடவை மென்மையான ஃபினிஷிங் மட்டும் போதும்.

மூடிய கொட்டகையோ கார் ஷெட்டோ இல்லாதவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

## செராமிக் கோட்டிங்

அடியில் செய்யும் பாலிஷோடு சேர்த்து 15,000 முதல் 35,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். பெயின்ட்டின் மேல் திரவமாகத் தடவி இறுகவிடும் இந்தப் பூச்சின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். "9ஹெச்" என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. கருவேல முள்ளுக்கும் தெரு நாய் நகத்துக்கும் அது பொருட்டே அல்ல. கீறலைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். புற ஊதாக் கதிரையும் பறவை எச்சத்தையும் ஓரளவு தாங்கும், அழுக்கு எளிதில் கழன்று வரும், கழுவும் வேலை பாதியாகும். அதுதான் அதன் உண்மையான பலன், அது சின்னப் பலனும் அல்ல.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்திருப்பதைக் காட்டி, காருக்கும் அதுபோல என்று பேசுவதைக் கேட்கலாம். பாலத்தின் எஃகுக்கு அடித்திருப்பது பல அடுக்குப் பெயின்ட் முறை. காரில் தடவுவது கண்ணுக்குத் தெரியாத படலம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி தண்ணீருக்கு வருவோம். செராமிக் போட்ட பரப்பில் தண்ணீர் உருண்டு முத்தாக நிற்கும். விளம்பரத்தில் அழகு. உப்புத் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், பரவலாகப் படிய வேண்டிய உப்பெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து, கறை இன்னும் அழுத்தமாக விழும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுகிற வீட்டுக்கு செராமிக் ஒரு தண்டச் செலவு. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வழி செய்த பிறகு இதைப் பற்றி யோசியுங்கள்.

மற்ற மறைச் செலவுகள்: பூசிய பிறகு ஒரு நாள் தண்ணீரே படக்கூடாது, ஒரு வாரம் சோப்பு கூடாது. வெப்பத்தில் பூச்சு சீக்கிரம் இறுகும். அரைக் கதவு அளவுக்குப் பூசி உடனே துடைக்காவிட்டால் வானவில் திட்டாக நின்றுவிடும், அதை எடுக்க மறுபடி பாலிஷ். அடியில் இருந்த கீறல் சரியாக எடுக்கப்படாமல் மேலே பூசினால் கீறலுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கொடுத்த மாதிரி. ஐந்து வருட வாரண்டி என்றால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: வருடத்துக்கு ஒரு தடவையோ இரு தடவையோ அதே கடையில் காசு கொடுத்துப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும். கடை மதுரையில் என்றால் ராமேஸ்வரத்திலிருந்து போக மட்டும் 170 கிலோமீட்டர். அந்த டீசலையும் கோட்டிங் கணக்கில் எழுதுங்கள். இந்தக் கரையின் வெயிலில் நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடம் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

இதனோடு சேர்த்து விற்கப்படும் பி.பி.எஃப். ஒட்டுப்படலம் வேறு சாமான். 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ளது, முள் கீறலை உண்மையாகவே தாங்கும். முழு வண்டிக்கு ஒட்டினால் விலை கண்ணைக் கட்டும். கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, முன் ஃபெண்டர் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். மறு பெயின்ட் அடித்த பேனலிலும் உரியத் தொடங்கிய பேனலிலும் வேண்டாம். பிரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

## பேனல் பெயின்ட்

கிளியர் கோட் உரிந்துவிட்டால் இதுதான் ஒரே வழி. பேனலுக்கு 3,000 முதல் 6,000 ரூபாய், முழு வண்டி 50,000க்கு மேல். ஆனால் உரிந்திருப்பது பெரும்பாலும் ரூஃபும் பானெட்டும் மட்டும்தான். அந்த இரண்டுக்கும் பெயின்ட், மீதிக்கு மெஷின் பாலிஷ் என்று பிரித்துக்கொண்டால் ஃபுல் பெயின்ட்டின் செலவில் பாதிகூட ஆகாது. பட்டறைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும்.

கம்பெனிப் பெயின்ட் 140 டிகிரி அளவில் சுட்டு இறுகியது. பட்டறைப் பெயின்ட் பூத்தில் 60 டிகிரி அளவில் இறுகுவது, பூத் இல்லாவிட்டால் காற்றில் காய்வது. இரண்டும் சமமாகாது. அதனால் காப்பாற்ற முடிந்த கம்பெனிப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு எடுக்கவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாய்வு.

கடலோரத்தில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பழைய பெயின்ட்டில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி எடுக்காமல், போர் தண்ணீரைத் தொட்டு உப்புத்தாள் தேய்த்து, அதன்மேல் பிரைமர் அடிப்பது. அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கொப்புளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழைக் காலத்தில் திறந்த கொட்டகையில் பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான், கிளியர் கோட் பால் பூத்தாற்போல வெளுத்துவிடும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை: ஹார்டனர் கலக்கும் 2கே பெயின்ட்டா? பீடிங்கையும் கைப்பிடியையும் கழற்றி அடிப்பீர்களா, டேப் ஒட்டியா? டேப் ஓரத்தில்தான் முதலில் உரியும். சில்வர், மெட்டாலிக் என்றால் பக்கத்துப் பேனலுக்குள் நிறத்தைக் கலந்து இறக்கிவிடுவீர்களா? கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் கலர் கோடைப் பார்த்துத்தானே கலக்குகிறீர்கள்? அடித்த பிறகு ஒரு மாதம் மெழுகோ கோட்டிங்கோ வேண்டாம். நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் பதிய ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.

இன்ஷூரன்ஸில் ஏற்றிவிடலாமே என்ற யோசனை வரும். வெயிலில் மங்கியதும் உரிந்ததும் தேய்மானம், அதற்குக் காப்பீடு கிடையாது. உரசல் விபத்துக்கு உண்டு. ஆனால் ஒரு கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் பூஜ்யத்துக்கு வரும். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் 50 சதவீதத்தில் இருப்பவர், ஒரு கதவு பெயின்ட்டுக்காக அதை விடுவதற்கு முன் அடுத்த பிரீமியத்தைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | தோராயச் செலவு (ஹேட்ச்பேக்) | கிளியர் கோட் இழப்பு | இந்தக் கரையில் எவ்வளவு நிற்கும் | உப்புத் தண்ணீரில் கழுவினால் |
|---|---|---|---|---|
| கிளே, மெழுகு | ₹1,000–2,000 | இல்லை | 4–6 வாரம். சீலன்ட் 3 மாதத்துக்கு மேல் | கறை விழும், எளிதில் எடுக்கலாம் |
| மெஷின், ஒற்றை நிலை | ₹2,500–5,000 | 1 மைக்ரான் அளவு | துடைக்கும் பழக்கத்தைப் பொறுத்து 1–2 வருடம் | கறை விழும் |
| மெஷின், இரு நிலை | ₹6,000–12,000 | 3–5 மைக்ரான் | அதேதான் | கறை விழும் |
| சொந்த டி.ஏ. மெஷின் | ₹8,000–15,000, ஒரு தடவை | கையைப் பொறுத்தது | வருடா வருடம் தொடலாம் | கறை விழும், நீங்களே எடுக்கலாம் |
| செராமிக் | ₹15,000–35,000 | அடிப் பாலிஷின் அளவு | 2 வருடம் | கறை அழுத்தமாக விழும் |
| பேனல் பெயின்ட் | பேனலுக்கு ₹3,000–6,000 | புதிய பூச்சு | வேலையைப் பொறுத்து 3 வருடம் முதல் | முதல் மாதம் மிகக் கவனம் |

## யாருக்கு எது

ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களை ஏற்றும் வெள்ளை டாக்ஸிக்குச் செராமிக் வேண்டாம். தினம் கழுவும் வண்டி, வெள்ளையில் கீறலும் அவ்வளவாகத் தெரியாது. வருடத்துக்கு ஒரு ஒற்றை நிலைப் பாலிஷ், மூன்று மாதத்துக்கு ஒரு சீலன்ட். மிச்சப் பணத்தை அடிப்பாகத்துக்குச் செலவிடுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய் வந்த வண்டியின் வீல் ஆர்ச்சுக்குள்ளும் கதவின் அடி விளிம்பிலும் அன்றே நல்ல தண்ணீர் பாய்ச்சினால் கிடைக்கும் ஆயுள், எந்தக் கோட்டிங்கிலும் கிடைக்காது. மேலே பளபளத்து அடியில் துரு தின்ற வண்டியை வாங்க வருகிறவர் குனிந்துதான் பார்ப்பார்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள் மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்கின்றன. கவர் பாதுகாப்பு என்ற நினைப்பு இங்கே பாதிதான் சரி. திறந்தவெளியில் கச்சான் காற்றில் கவர் படபடவென்று அடிக்கும்போது உள்ளே நுழைந்த மணல் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஈரமும் வெளியே போகாது. கூரையுள்ள ஷெட் இருந்தால் மட்டும், கழுவிக் காயவைத்த பிறகு, காற்றோட்டமுள்ள துணிக் கவர். ஷெட் இல்லாவிட்டால் ஒரு சீலன்ட் பூசி, கவர் இல்லாமல் நிறுத்துவதே மேல். ஊருக்குத் திரும்பும்போது மெஷின் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், போகும் முன் போட்டுவிட்டு வண்டியை வெயிலில் விட்டுப் போவது வீண். செராமிக் உண்மையிலேயே ஈடு கொடுப்பது ஷெட்டில் நின்று, நல்ல தண்ணீரில் குளித்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓடும் புது வண்டிக்கு.

ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்களா? ஒற்றை நிலைப் பாலிஷோடு நிறுத்துங்கள். பெயின்ட் அடித்தால் வாங்குகிறவர் மீட்டர் வைத்துப் பார்த்து விபத்து வண்டியோ என்று விலையைக் குறைப்பார்.

அடர் நிறக்காரர்களுக்கு, முக்கியமாகக் கறுப்புக்கு, ஒற்றை நிலையில் திருப்தி வராது. இரு நிலை போட்டு, அதன் பிறகு காய்ந்த துணியை வண்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

எந்த வழியாக இருந்தாலும் வேலைக்கு ஏற்ற மாதம் பிப்ரவரி, மார்ச். வாடை மழை முடிந்து காற்று அடங்கியிருக்கும், மணலைத் தூக்கும் தென்மேற்குக் காற்று இன்னும் எழுந்திருக்காது. வண்டியை விடும் முன் ஐந்து இடத்தில் தடிமன் அளந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எடுக்கும்போது அதே ஐந்து இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 5 மைக்ரானைத் தாண்டியிருந்தால் அடுத்த தடவை வேறு கடை.